பூட்டிய வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி

"சொந்த ஊரப் பத்தி நீயே எழுதுனா, அது ஆராய்ச்சியாம்மா? இல்ல சொந்தக் கதையா?"

எங்கள் குழுவின் மூத்த ஆய்வு மாணவர் இப்படிக் கேட்டபோது நான் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கையில் டீ டம்ளர்கள் வைத்த தட்டு இருந்தது. அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட எண்ணத்தில் அவர் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம். கெட்ட எண்ணத்தில் கேட்டிருந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லியிருப்பேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "ரெண்டு பிஸ்கட் இப்படிக் குடு" என்றார். கொடுத்தேன். அந்தக் கேள்வி பதில் இல்லாமலேயே மூன்று வருடமாக என் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

எங்களுடையது மனிதப் புவியியல் ஆய்வுக் குழு. பூகோளம் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறும் மலையும்தான் நினைவுக்கு வரும். "மலையிலயே பொறந்துட்டு, மலையப் படிக்கறதுக்குக் கீழ போறியா?" என்று திருப்பத்தூர் பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். நாங்கள் படிப்பது மலையை அல்ல. மலையில் யார் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் இடம் மாறுகிறார்கள், எந்த வழியில் போய் எந்த வழியில் திரும்புகிறார்கள் என்பதை. இதை விளக்கி முடிப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

பல்கலைக்கழகம் கீழே சமவெளியில் இருக்கிறது. குழுவின் ஆய்வுக் களம் ஜவ்வாது மலை. என் வீடும் அந்த மலையில்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொன்னால் செமினாரில் எல்லோர் முகமும் ஒரு மாதிரி கனிந்துவிடும். அந்தக் கனிவு எனக்குப் பிடிக்காது. எல்லோரையும் போல நானும் நுழைவுத் தேர்வு எழுதித்தான் வந்தேன். அந்த வருடம் எழுதியவர்களில் அதிக மதிப்பெண் வாங்கியதும் நான்தான். அதற்கு யார் முகமும் கனிந்து நான் பார்த்ததில்லை.

செமினார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு. மாதத்தின் கடைசி வெள்ளி மட்டும் மலையில். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குழு இரண்டு அறைக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறது. களத்தை விட்டு விலகிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் கைடு மேடம் கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், கேட்பதற்கு.

நடப்பது இதுதான். காலையில் வேன் கிளம்பி, பத்து மணிக்கு மேலே வந்து சேரும். வந்ததும் டீ. பிறகு யாராவது ஒருவருக்கு வளைவுகளில் வந்த தலைசுற்றல் தெளிய வேண்டும். பிறகு சாப்பாடு. சாப்பிட்டபின் பாய் விரித்து ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணிக்கு செமினார். ஏன் மூன்று மணிக்கு என்றால், செமினார் என்பதே மூன்று மணிக்குத்தான். கீழே அந்த நேரத்துக்கு வகுப்புகள் முடியும். மேலே எந்த வகுப்பும் கிடையாது. இருந்தாலும் மூன்று மணிதான்.

மூன்று மணிக்கு வெயில் நேராக ஜன்னலில் அடிக்கும். புரொஜெக்டர் படம் சுவரில் தெரியாது. அதனால் மூன்று ஜன்னல்களுக்கும் கறுப்புத் துணி கட்ட வேண்டும். அந்த ஜன்னல்களில் ஒன்றுக்கு நேரெதிரே எங்கள் ஊர்ச் சரிவு தெரியும். அதை நான் என் கையாலேயே துணி போட்டு மூடுவேன். மூடிய அறையில், இருட்டில், அதே சரிவின் படத்தைச் சுவரில் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவோம். ஐந்து மணிக்கு வேன் கிளம்பிவிடும், கீழே இறங்குவதற்குள் இருட்டிவிடக் கூடாது என்று.

துணி கட்டும் வேலை எனக்கு எப்படி வந்தது என்றால், நான் செமினார் பொறுப்பாளர். முதல் வருடம் மேடம், "உன் கையெழுத்து அழகா இருக்கு, அறிவிப்பு நீ எழுது" என்றார். அறிவிப்போடு டீ வந்தது. டீயோடு வருகைப் பதிவேடு வந்தது. பதிவேட்டோடு புரொஜெக்டர், வேன்காரரின் போன் நம்பர், கறுப்புத் துணி எல்லாம் வந்தன. பொறுப்பு வருடத்துக்கு ஒருவர் என்று மாற வேண்டும். மாறவில்லை.

படவேட்டிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எனக்கு உதவுவாள். அவள் அப்பாவுக்குக் கரும்புக் கொல்லையும் கோயில் வாசலில் ஒரு கடையும். வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு பேச்சாளரும் "நேரம் குறைவா இருக்கறதால" என்று ஆரம்பிக்கும்போது என் காதில், "ஆரம்பிச்சிட்டாருக்கா. இன்னும் ஒரு மணி நேரம்" என்பாள். யாராவது "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்தால் பையிலிருந்து கடலை எடுப்பாள்.

எனக்கு எரிச்சல்தான். ஆனால் எரிச்சலோடு அதை நேசிக்கவும் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாதை ஏன் ஓடையைச் சுற்றிப் போகிறது என்று பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சண்டை போடும் இடம் வேறு எங்கே இருக்கிறது? அந்தச் சண்டையில் நானும் ஒரு நாள் எழுந்து நின்று பேச வேண்டும், மற்றவர்கள் எனக்கு டீ கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன தை மாத மலை செமினாரில் அண்ணன் தன் வரைபடத்தை முதன்முதலாகக் காட்டினார். மலை ஊர்களின் குடியிருப்பு வரைபடம். ஆள் இருக்கும் வீட்டுக்குப் பச்சைப் புள்ளி, கைவிடப்பட்ட வீட்டுக்குச் சிவப்பு. குழுவின் பெயரில் அச்சாகப் போவது. இனிமேல் இந்த மலையைப் பற்றி எழுதும் எல்லோரும் எடுத்துப் பார்க்கப் போவது. மூன்று வருட உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் போகாத ஊர் இல்லை.

அவர் ஒவ்வொரு ஊராகப் பெரிதாக்கிக்கொண்டே வந்தார். எங்கள் ஊர் வந்தது. ஒன்பது சிவப்புப் புள்ளிகள். வேப்பமரத்துக்குக் கீழ்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு வீடு தள்ளி, ஒரு புள்ளி. நான் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

"அண்ணா, அது எங்க வீடு."

அறையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எது?"

"அந்தச் சிவப்பு. எங்க வீட்ல ஆள் இருக்காங்க. எங்க அம்மா இருக்காங்க, அப்பா இருக்காங்க. பொங்கலுக்கு நான் அங்கதான் இருந்தேன்."

"ரெண்டு வாட்டி போனேம்மா. ரெண்டு வாட்டியும் பூட்டி இருந்துச்சி. அடுப்பு வாசல்ல, சாம்பல் பழசு. வாசல் பெருக்கல. கோழி இல்ல. ஆடு இல்ல. இதெல்லாம் நம்ம ஃபார்ம்ல போட்ட அடையாளம்தான?"

"எந்த மாசம் போனீங்க?"

"கார்த்திகை. ஒரு வாரம் விட்டு ரெண்டு வாட்டியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கார்த்திகையில் எங்கள் ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள்? புரட்டாசியில் சாமை கதிர் பிடிக்கும்போதே காட்டுப்பன்றி மேயாமல் காவல் காக்கக் கொல்லைக் கொட்டாய்க்குப் போய்விடுவோம். கொட்டாய் என்றால் நிலத்திலேயே போட்டிருக்கும் குடிசை. சட்டி பானை போகும். ஆடு மாடு போகும். கோழிகளைக் கூடையில் போட்டு மூடித் தலையில் தூக்கிக்கொண்டு போவோம். அறுத்து, களத்தில் கதிரடித்து, மூட்டை கட்டிய பிறகுதான் ஊர்வீட்டுக்குத் திரும்புவோம். கோழியை விட்டுவிட்டா போவார்கள்? அவர் போட்ட அடையாளம் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. வெறும் வீட்டை அவர் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் அதே அறுப்பு மாதத்தில்.

இதைச் சொன்னேன். அவசரத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா. ஆனா என்ட்ரி போட்டது நீதான? அப்பவே சொல்லி இருக்கலாமே" என்றார்.



உண்மைதான். சேர்ந்த புதிதில், கம்ப்யூட்டர் பழகட்டும் என்று அவருடைய படிவங்களை எல்லாம் என்னிடம்தான் கொடுத்தார்கள். படிவத்தில் ஊருக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண். பெயர் கிடையாது. பச்சைக்கு ஒன்று, பூட்டியோ ஆளில்லாமலோ இருந்தால் இரண்டு, இரண்டு முறையும் அப்படியே இருந்தால் மூன்று. நான் வேகமாகத் தட்டினேன். வேகமாகத் தட்டுகிறாள் என்று பாராட்டினார்கள். அன்று மாலை கீழே போனதும் கோப்பைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஊர் எண், எங்கள் வீட்டு எண், நேராக மூன்று, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்து. எங்கள் வீட்டை நானே ஒரு விரலால் காலி செய்திருக்கிறேன்.

அண்ணன் மீது இருந்த கோபத்தில் பாதி என் மீது திரும்பியது. மறுபாதி அப்படியே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மேடம் அறைக்குப் போனேன். மேடம் நல்லவர். ஆனால் எதையும் வழக்கப்படி செய்ய வேண்டும் அவருக்கு.

"நீ சொல்றது முக்கியமான பாயின்ட்தான். ஆனா பாரு, நம்ம குழுவுல வாயால சொன்னது எதுவும் செல்லாது. செமினார்ல வெச்சு, எல்லாரும் கேள்வி கேட்டு, அதுல நின்னாதான் மேப்பை மாத்துவோம். நீ ஒரு வருஷம் பார்த்து, சீசன் சீசனா எழுதி, செமினார் குடு. மேப் வர்ற கார்த்திகை முடிஞ்சுதான் அச்சுக்குப் போகும்."

"அதுக்குள்ள குடுக்கலன்னா மேடம்?"

"அப்புறம் மேப் மேப்தான். ஒரே குழுவுலேருந்து ரெண்டு மேப் போகக் கூடாது. உன் தீஸிஸ்ல அந்தச் சாப்டரை வேற மாதிரி யோசிக்கணும்."

வேற மாதிரி யோசிப்பது என்றால் எடுத்துவிடுவது. என் ஆய்வே அந்த இயல்தான்: ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீடு, இரண்டும் வீடு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது முன்னுரை.

சரி என்று வந்தேன். வழக்கப்படியே செய்கிறேன் என்று வீம்பு. மாசியில் ஆரம்பித்தேன். புளி உலுக்கும் காலம், விதைப்புக் காலம், காவல் காலம் என்று ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய் வீடு வீடாக, கொட்டாய் கொட்டாயாக நடந்து நோட்டில் பென்சிலால் படம் போட்டேன். ஊரில் யாரும் இதை வேலை என்று நம்பவில்லை. அம்மாவுக்குத்தான் பொறுமை முதலில் போனது.

"இப்ப நம்ம சித்தப்பா வூட்டுக்காரங்க எந்தக் கொட்டாயில கீறாங்க?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டேன். அம்மா சாணம் கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, இதுக்கா கீழ போயி இத்தினி வருசம் படிச்ச? அவங்க கொல்லைல அவங்க கீறாங்க. உனுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரியும்மா. எங்க செமினார்ல கீறவங்களுக்குத் தெரியல."

"தெரியலன்னா வந்து பாக்கச் சொல்லு. மாசாமாசம் வேன்ல வந்து அந்த வூட்டுல தூங்கிட்டுத்தான போறாங்க? இங்க வர்றதுக்கு இன்னா, கால் வலிக்குதா?"

அப்போதுதான் வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். நம் வீட்டைக் கைவிட்ட வீடு என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். நான்தான் தட்டினேன் என்பதை அப்போது சொல்லவில்லை. அம்மா கையை உதறிவிட்டு எழுந்தார்.

"கைவுட்டதா? எவன் சொன்னான்? பூட்டு போட்டிருந்துச்சின்னு அவனே சொல்றான் இல்ல? பூட்டு எதுக்குடி போடறோம்? திரும்பி வர்றதுக்குத்தான? கைவுட்டுட்டுப் போறவன் பூட்டு போட்டுட்டா போவான்?"

நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். "இதெல்லாம் எதுக்கு எழுதற?" என்று அதற்கும் திட்டு.

ஆனால் அம்மா சொன்னதை வைத்துப் பார்த்தபோது எனக்கே ஒன்று தெளிவானது. ஒன்பது புள்ளிகளில் இரண்டு உண்மையிலேயே விட்டுப்போன வீடுகள். ஒரு குடும்பம் செங்கத்தில் கடை போட்டுவிட்டது, இன்னொன்று திருப்பத்தூருக்கே போய்விட்டது. அந்த இரண்டு கதவுகளிலும் பூட்டு கிடையாது. ஒன்றில் கதவே கிடையாது, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு இருந்த ஏழும் ஆள் உள்ள வீடுகள். அண்ணனின் படிவத்தில் பூட்டு என்பது காலியின் அடையாளம். எங்கள் ஊரில் பூட்டு நேர்மாறு. இதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். இது ஆராய்ச்சியா சொந்தக் கதையா என்று எனக்குக் கவலையே இல்லை.

ஆவணியில் தேதி கேட்டேன். கிடைத்தது. என் பெயரை அறிவிப்பில் நானே எழுதினேன், கொஞ்சம் பெரிதாக. வியாழக்கிழமை மதியம் மேடம் கூப்பிட்டார். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் திடீரென்று வருகிறாராம், வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருப்பாராம். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு. நீ அடுத்த வாரம் பேசலாம்." என் பெயரை நானே அடித்தேன், பொறுப்பாளர் நான்தானே. வந்தவர் ஆப்பிரிக்காவில் எங்கோ இருக்கும் சந்தைகளைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சுதான். டீ கொடுத்தேன்.

அடுத்த வாரம் புரொஜெக்டர் பல்பு போனது. "படம் இல்லாம உன் டாபிக் புரியாதே" என்றார்கள். என்னிடம் இருந்தது பென்சில் படங்கள். புரொஜெக்டர் இல்லாமலே காட்டலாம் என்றேன். எல்லோரும் ஏற்கெனவே பையைத் தூக்கியிருந்தார்கள்.

ஐப்பசியில் மேடத்துக்குத் திடீர்க் கூட்டம். அதற்கடுத்த வாரம் மலை செமினார், மழை என்று வேன்காரர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் அறிவிப்பு எழுதி, நானே அடித்தேன். படவேட்டுப் பெண் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உம் பேர அடிச்சி அடிச்சி பேப்பரே ஓட்டையாய்டுச்சி. பேசாம அச்சடிச்சி வெச்சிக்க, அடிச்ச மாதிரியே" என்றாள். அன்று நான் சிரிக்கவில்லை. அவளும் உடனே, "சும்மா சொன்னேன்க்கா. நான் வேணா போய் மேடங்கிட்ட கேக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். எனக்காக இன்னொருவர் கேட்பது எனக்குச் சரிப்படாது.

கார்த்திகை கடைசிக்கு வந்துவிட்டது. அச்சுக்குப் போவதற்கு முன் மிச்சம் இருந்தது ஒரே செமினார், மாதக் கடைசி வெள்ளி, மலையில். அந்த நாளை அண்ணனின் வாய்மொழித் தேர்வு ஒத்திகைக்கு ஒதுக்கிவிட்டதாக மேடம் சொன்னார்.

"நீ ஜனவரியில வெச்சுக்கயேன்."

"ஜனவரியில வீடெல்லாம் தெறந்துடும் மேடம். மேப்பும் அச்சாயிடும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் சங்கடம் என்று தெரிந்தது. "ஒண்ணு பண்ணலாம். உன் பாயின்ட்டை அடிக்குறிப்பாப் போட்டுடலாம். 'சில வீடுகள் பருவகாலத்தில் பூட்டப்பட்டிருக்கலாம்'னு."

பூட்டப்பட்டிருக்கலாம். அம்மா இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். எங்கள் வீடு அடிக்குறிப்பில் குடியிருக்காது மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் எனக்குப் படிக்கட்டு இறங்கும்போதுதான் தோன்றியது. அறையில் நான் சொன்னது, "யோசிச்சி சொல்றேன் மேடம்."

படிக்கட்டுக்குக் கீழே அண்ணன் நின்றிருந்தார். நான் எதற்குப் போனேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எம் மேல கோவமாம்மா?"

"ஆமாண்ணா."

இப்படி நேராகச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.  "ஃபார்ம்ல மாசம்னு ஒரு கட்டம் வெச்சிருக்கணும். வெக்கல. எனக்கும் தெரியுது. ஆனா வைவா நேரத்துல மேப் தப்புன்னு வந்துச்சின்னா நான் இன்னா பண்றது? ஆறு வருசம் ஆச்சி."

"மேப் தப்புன்னு நான் சொல்லலண்ணா. கார்த்திகை மேப்னு பேர் போடுங்க. சரியாய்டும். அதே மாதிரி மாசி மேப் எங்கிட்ட கீது."

 "ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் யோசித்துக்கொண்டே போனார்.

விடுதி அறையில் உட்கார்ந்து அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பை எழுதினேன். 'மூன்று மணி: வாய்மொழித் தேர்வு ஒத்திகை' என்று அண்ணனின் பெயரைப் போட்டேன். பேனாவை வைக்கப் போனேன். அப்போது அதற்கு மேலே இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தேன். வேன் பத்து மணிக்கு வருகிறது. பத்திலிருந்து மூன்று வரை ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தில் நாங்கள் டீ குடித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். மூன்று வருடமாக அந்த நேரத்துக்கு நான்தான் பாய் விரித்தேன். செமினார் மூன்று மணிக்குத்தான் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அறிவிப்பு எழுதுபவளே நான். எழுதியிருந்தால் நான்தானே எழுதியிருப்பேன்?

யாருடைய நேரத்தையும் நான் எடுக்க வேண்டியதில்லை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தூங்கும் நேரம் காலியாகவே கிடக்கிறது. இத்தனை மாதம் என் பெயரை அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல்.

எழுதினேன்:

'காலை பத்தரை மணி. இடம்: கட்டடம் அல்ல. வேன் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேர நடை, சாமைக் களம். வழியில் பூட்டியிருக்கும் ஏழு வீடுகளைப் பார்த்துவிட்டு, அந்த ஏழு வீட்டுக்காரர்களையும் களத்தில் சந்திக்கலாம். பேச்சின் முதல் பகுதி: தரவுப் பதிவில் நான் செய்த பிழை. இரண்டாம் பகுதி: ஒரே ஊருக்கு இரண்டு வரைபடம். புரொஜெக்டர் கிடையாது. பிறகு சாப்பாடு. மூன்று மணிக்கு ஒத்திகை, வழக்கம்போல் கட்டடத்தில்.'

கீழே என் பெயர். பெரிதாக இல்லை, மற்றவர்களுக்கு எழுதும் அளவில்.

மேடத்திடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "வேன் அங்க போகாதா?"

"போகாது மேடம்."

"என் முட்டி..."

"மெதுவா போலாம் மேடம். நான் கூட வர்றேன். நீங்க கேள்வி கேக்காம மேப் மாறாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கனிவு இல்லை அதில். வேறு யாராவது செமினாரில் குறுக்கே பேசும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. "கேள்வி கடுமையா இருக்கும்" என்றார். அதுதான் எனக்கு வேண்டியது.

அறிவிப்பைப் பலகையில் ஒட்டிவிட்டேன். குழுவின் வாட்ஸாப்பிலும் போட்டுவிட்டேன்.  பிறகு அண்ணன், 'ஷூ போட்டுக்கலாமா, செருப்பு போதுமா?' என்று கேட்டார். படவேட்டுப் பெண் எனக்குத் தனியாக, 'அக்கா, டீ நான் பாத்துக்கறேன். நீ ஒரு டம்ளரத் தொட்ட, அவ்ளோதான்' என்று அனுப்பினாள்.

அம்மாவுக்குப் போன் பண்ணி, வெள்ளிக்கிழமை களத்துக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்றேன். அப்படியே, நம் வீட்டுக்கு அந்தப் புள்ளியைத் தட்டியவள் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். 

"நீயாடி?" என்றார். பிறகு, "வா, வா. அவங்க எதுருலயே கேக்கறேன் உன்ன."

இன்று வியாழன். மதியப் பஸ்ஸில் மலைக்கு வந்து கட்டடத்தைத் திறந்தேன். நாளை காலை களத்தில் பன்னிரண்டு பேர் உட்கார ஏதாவது வேண்டும், பாய்களைத் தனியாக அவ்வளவு தூரம் சுமக்க முடியாது. மூன்று ஜன்னல்களிலிருந்தும் கறுப்புத் துணிகளை அவிழ்த்து, உதறி, மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது, ஒத்திகைக்குள் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு கொல்லைப் பாதையில் பாதித் தூரம் வந்துவிட்டேன்.